இரு சிலம்புகள்

முன்னுரை

போடிநாயக்கனூரில் பிறந்து வளர்ந்த நமக்கு மேற்குத் திசை என்றாலே மலைதான். பொழுது விடியுமுன் தூக்குவாளியுடன் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தாய்மாரை நாம் நாள்தோறும் காண்கிறோம். நம்முள் பலருடைய அன்னையரும் அவர்களுள் உள்ளனர். அம்மலைத் தொடரிலேயே தெற்கே, கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில், ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் சிதைந்த கற்கோயில் ஒன்று இருக்கிறது. அதனைக் கண்ணகி கோட்டம் என்றும் மங்கலதேவி கோயில் என்றும் வழங்குவர். ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்திரை முழுநிலவு நாளில் மட்டுமே மக்கள் அங்குச் சென்று வழிபட இயலும். குமுளியிலிருந்து ஜீப்பிலும், பளியன்குடியிலிருந்து காட்டு வழியே கால்நடையாகவும் ஆயிரக்கணக்கானோர் அன்று மலையேறுகின்றனர்.

புகாரில் பிறந்து, மதுரையில் வழக்குரைத்த ஒரு பெண்ணுக்கு நம் மலையுச்சியில் கோயில் எவ்வாறு வந்தது? இவ்வினாவுடன்தான் நாங்கள் இவ்வாண்டு சிலப்பதிகாரத்தைப் படிக்கத் தொடங்கினோம். படித்துக்கொண்டிருக்கையில் வகுப்பில் ஒரு தோழி எழுந்து, "அம்மா, அரண்மனையில் இவ்வளவு பேசிய கண்ணகி, தன் வீட்டில் முதலிலேயே ஏன் பேசவில்லை?" என்று கேட்டாள். எங்கள் தமிழம்மா உடனே விடை கூறவில்லை. "நூலைப் படித்து நீங்களே கண்டுபிடியுங்கள்" என்று கூறிவிட்டார். அவ்வாறு தேடியபோது நாங்கள் கண்டவற்றை இங்கே தருகிறோம்.

நூலும் கதையும்

சிலப்பதிகாரம் இளங்கோவடிகள் இயற்றிய காப்பியம். புகார், மதுரை, வஞ்சி என்னும் மூன்று காண்டங்களும் முப்பது காதைகளும் உடையது. ஏட்டுச் சுவடிகளில் இருந்த இந்நூலை உ. வே. சாமிநாதையர் அவர்கள் அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் 1892-ஆம் ஆண்டு பதிப்பித்தார்.

கதை நாம் அறிந்ததே. வணிகன் கோவலன், மனைவி கண்ணகியைப் பிரிந்து ஆடல்மகள் மாதவியுடன் வாழ்கிறான். செல்வம் முழுவதையும் இழந்து திரும்புகிறான். கண்ணகியின் சிலம்பையே முதலாகக் கொண்டு வாணிகம் செய்ய இருவரும் மதுரை செல்கின்றனர். அங்கே பொற்கொல்லன் ஒருவன் தான் செய்த களவைக் கோவலன்மீது சுமத்த, பாண்டியன் ஆராயாது கொலைத் தண்டனை விதிக்கிறான். கண்ணகி மற்றொரு சிலம்பைக் காட்டிக் கணவன் கள்வன் அல்லன் என நிறுவுகிறாள். அரசனும் அரசியும் உயிர் துறக்கின்றனர், மதுரை எரிகிறது.

இக்கதையைக் கண்ணகியின் சினக்கதையாகவே நாம் கேட்டிருக்கிறோம். நூலைக் கற்கும்போதோ, அன்பு, இழப்பு, தியாகம் என்னும் மூன்றும் ஒருவர் வாழ்வில் தோன்றி மற்றொருவர் வாழ்வில் எதிரொலிப்பதைக் காண்கிறோம். இளங்கோவடிகள் இவற்றை இணை இணையாக வைத்துக் காட்டுகிறார்.

பன்னிரண்டு வயதில் இருவர்

மணநாளில் கண்ணகிக்கு வயது பன்னிரண்டு, கோவலனுக்குப் பதினாறு. இன்று நம் பள்ளியில் ஏழாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் தங்கையரின் வயது அது! மாதவியும் ஐந்தாம் வயதில் ஆடல் பயிலத் தொடங்கி, ஏழாண்டுகள் கற்று, பன்னிரண்டாம் வயதில்தான் சோழ மன்னன் திருமுன் அரங்கேறுகிறாள். மன்னன் அவளுக்கு அளித்த பச்சைமாலைக்கு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலை கூறப்பட்டது. அம்மாலையை வாங்கியவனே கோவலன்.

ஒருத்தி பெற்றோர் பேசி முடித்தபடி மணந்தாள். மற்றொருத்தி மாலையின் விலையோடு சேர்ந்து சென்றாள். இருவரையும் யாரும் கேட்கவில்லை. பகைவராக நாம் எண்ணும் இவ்விருவரையும் ஒரே வயதில், ஒரே நிலையில் நிறுத்தியே கவிஞர் கதையைத் தொடங்குகிறார். மாதவியைப் பற்றிக் கண்ணகி ஒரு சுடுசொல்லும் கூறியதாக நூலில் இல்லை என்பதும் நினைக்கத்தக்கது.

முதற் சிலம்பு: பேசாத தியாகம்

கணவன் பிரிந்த நாளிலேயே கண்ணகியின் கால்கள் சிலம்பணிவதை விட்டன. புகார்க் காண்டத்தில் அவள் பேசும் இடங்கள் மிகச் சிலவே. தோழி தேவந்தி வந்து, நீர்த்துறையில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தை வணங்கினால் கணவனைப் பெறலாம் என்கிறாள். அது தமக்குப் பெருமையன்று எனச் சுருங்கக் கூறி மறுத்துவிடுகிறாள் கண்ணகி. அந்நேரம் கோவலன் வாயிலில் நுழைகிறான். குலச்செல்வம் அனைத்தும் தொலைந்த வறுமை தனக்கு நாணத்தைத் தருகிறது என்கிறான். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல் வருந்துகிறான் போலும் என்று கருதிய கண்ணகி, புன்முறுவலோடு, சிலம்புகள் இருக்கின்றன, எடுத்துக்கொள்க என்கிறாள்.

இவ்விடத்தில் வகுப்பே அமைதியாகிவிட்டது. தன்னைத் துன்புறுத்திய உறவுக்கே தன் இறுதி அணியையும் கொடுக்க முன்வந்த அன்பு எத்துணைப் பெரியது! ஆயினும் அதில் ஓர் இடர் இருக்கிறது. அவள் மனத்தில் இருந்த நோவு அவனுக்குத் தெரியவில்லை. அவன் மனத்தில் இருந்த எண்ணம் அவளுக்குத் தெரியவில்லை. அவன் சிலம்பை ஏற்றது மாதவிக்காக அன்று, புதுவாழ்வு தொடங்கவே என்பதை அவன் வாய் திறந்த பின்னரே அவள் அறிகிறாள். விடியுமுன் இருவரும் புறப்பட்டனர். பெற்றோரிடமும் சொல்லவில்லை. காவிரிக் கரையில் சிறிது தொலைவு நடந்ததுமே, மதுரை மூதூர் எது என்று குழந்தைபோல் கேட்கிறாள் கண்ணகி. முப்பது காதம் என்று சிரித்தவாறே சொல்கிறான் கோவலன். சிரிப்பின் உள்ளே கலங்கியிருக்க வேண்டும்.

இருவருக்குப் பொருந்திய ஒரே மடல்

இழப்பு கண்ணகிக்கு மட்டும் உரியதன்று. கானல்வரியில் ஒருவர் பாட்டை மற்றவர் தவறாக உணர்ந்ததால் கோவலன் மாதவியை விட்டு நீங்கினான். அவள் தாழை மடலில் எழுதி அனுப்பிய முதற் கடிதத்தை அவன் வாங்கவே இல்லை. பின்னர், மதுரைக்குச் செல்லும் வழியில் கௌசிகன் என்னும் அந்தணன் அவளது இரண்டாம் கடிதத்தைக் கொண்டு வருகிறான். பெற்றோர்க்குச் செய்ய வேண்டிய பணியையும் விட்டு, குலமகளோடு இரவில் நீங்குவதற்கு நான் செய்த பிழை என்னவென்று அறியேன், என் நெஞ்சின் துயரைத் தீர்க்க வேண்டும் என்னும் பொருள்பட அவள் எழுதியிருந்தாள்.

அதைப் படித்த கோவலன், தவறு அவளுடையதன்று, தன்னுடையதே என உணர்கிறான். அடுத்து அவன் செய்வது வியப்பிற்குரியது. இக்கடிதத்தின் சொற்கள் தான் பெற்றோர்க்கு எழுத வேண்டியவற்றிற்கும் பொருந்துகின்றன என்று கூறி, அதே மடலைத் தன் தாய் தந்தையரிடம் சேர்க்குமாறு கௌசிகனிடம் கொடுக்கிறான். கைவிடப்பட்ட பெண்ணின் கண்ணீரும், பெற்றோரைக் கைவிட்ட மகனின் கண்ணீரும் ஒரே மடலில் அடங்கிவிட்டன. அன்பின் இழப்பு யாருக்கு நேர்ந்தாலும் அதன் மொழி ஒன்றே என்பதை இதைவிடத் தெளிவாகக் கூற இயலுமோ?

மாதரி வீட்டில்

வழியில் துணையாக வந்த கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவியார், மதுரைப் புறஞ்சேரியில் இடைக்குல மூதாட்டி மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரியின் மகள் ஐயை உடனிருந்து உதவ, கண்ணகி தன் கையால் சமைத்துக் குருத்து வாழையிலையில் கணவனுக்கு உணவு படைக்கிறாள். உண்டு முடித்த கோவலன், தன் தவறுகளை எல்லாம் எண்ணி வருந்தி, "எழுக" என்றதும் ஏன் எழுந்து வந்தாய் என்று கேட்கிறான்.

இங்கேதான் எங்கள் தோழியின் வினாவுக்கு முதல் விடை கிடைத்தது. கண்ணகி வீட்டிலும் பேசினாள். ஆனால் இவ்வளவு காலம் கழித்து! நீங்கள் பிரிந்திருந்தபோது அறவோரையும் விருந்தினரையும் போற்றும் பேற்றை இழந்தேன். உம் பெற்றோர் வந்தபோது என் துயரை மறைத்துப் பொய்யாகச் சிரித்தேன், அச்சிரிப்பைக் கண்டு அவர்கள் வருந்தினர். நீர் செய்தது போற்றத்தகாத ஒழுக்கம் என்று முகத்துக்கு நேரே கூறுகிறாள். அன்பு குறையாமலே தவற்றைத் தவறு என்று சொல்லிய இடம் இது. இச்சொற்களைக் கேட்ட கோவலன் சினக்கவில்லை, அவளைப் போற்றுகிறான். அன்றுதான் இருவரும் உண்மையாகவே கணவன் மனைவியாக வாழத் தொடங்கினர் எனலாம். அந்தோ! அன்றே அவன் ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குச் சென்றான், திரும்பவே இல்லை.

இரண்டாம் சிலம்பு: பேசிய தியாகம்

மீதி இருந்த சிலம்பைக் கையில் ஏந்தி அரண்மனை வாயிலில் நிற்கிறாள் கண்ணகி. யார் நீ என்று மன்னன் வினவ, ஊர் புகார் என்றும், கோவலன் மனைவி என்றும், தன் பெயர் கண்ணகி என்றும் உரைக்கிறாள். அன்றுவரை பிறர் வாயால் அறியப்பட்டவள் தன் பெயரைத் தானே சபையில் சொல்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பவை முத்துகள் என்கிறான் பாண்டியன். தன் சிலம்பில் இருப்பவை மாணிக்கம் என்று கூறி உடைக்கிறாள் கண்ணகி. மாணிக்கம் தெறிக்கிறது. தானே கள்வன் என ஒப்புக்கொண்டு உயிர் விடுகிறான் மன்னன்.

இரண்டும் ஒரே இணையின் சிலம்புகள். முதற் சிலம்பு துயரை மறைத்துக் கொடுக்கப்பட்டது. அதனால் யாருக்கும் நன்மை விளையவில்லை. இரண்டாம் சிலம்பு உண்மையை வெளிப்படுத்த ஏந்தப்பட்டது. அதனால் இறந்தவனின் பழி நீங்கியது. இரண்டுமே தியாகம்தான். ஒன்று வாய்மூடிய தியாகம். மற்றொன்று வாய்மையோடு கூடிய தியாகம். காப்பியத்திற்குச் சிலம்பின் பெயரையே வைத்ததன் நுட்பம் இப்போது நமக்கு விளங்குகிறது.

கிரேக்க நாட்டில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் சோபோகிளீசு எழுதிய நாடகத்திலும் அந்திகோனே என்னும் நங்கை, இறந்த தமையனை அடக்கம் செய்யும் உரிமைக்காகக் கிரெயோன் மன்னனை எதிர்த்து நிற்கிறாள். கணவனுக்காக ஒருத்தி, உடன்பிறந்தானுக்காக ஒருத்தி. இறந்தவர் பேச இயலாதபோது அவருக்காகப் பேசுவதும் அன்பின் கடமை என்பதை இரு நாட்டுக் கவிஞர்களும் உணர்ந்திருக்கின்றனர்.

இழப்பின் கணக்கு

கண்ணகியின் இழப்போடு கதை நிற்கவில்லை. வஞ்சிக் காண்டத்தில் மாடலன் என்னும் அந்தணன் கங்கைக் கரையில் சேரன் செங்குட்டுவனிடம் கூறும் செய்திகள் நெஞ்சை உலுக்குகின்றன. அடைக்கலப் பொருளை இழந்தேனே எனக் கதறி மாதரி தீயில் புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார். கோவலன் தாயும் கண்ணகி தாயும் துயரம் தாங்காது இறந்தனர். தந்தையர் இருவரும் செல்வத்தைத் தானம் செய்து துறவு பூண்டனர். மாதவி கூந்தலை மாலையோடு களைந்து புத்த சமயத் துறவை ஏற்றாள்.

இவ்விறப்புகளை இன்று நாம் பின்பற்றத்தக்க வழியாகக் கொள்ள இயலாது. அவை அக்காலத்துக் காப்பிய மரபு. மதுரையில் மூண்ட தீயும் அவ்வாறே. அந்தணர், பசுக்கள், பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விலக்குமாறு தீக்கடவுளுக்குக் கண்ணகி கட்டளையிட்டாலும், ஓர் அரசன் பிழைக்கு ஊர் எரிந்தது சரியா என்று நாங்கள் வகுப்பில் நெடுநேரம் வாதிட்டோம். முடிவு காண இயலவில்லை. ஈழத்தில் மட்டக்களப்புத் தமிழர் வைகாசித் திங்களில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு நடத்துகின்றனர். சினந்த தாயின் உள்ளத்தைக் குளிர்விக்கும் விழா அது. அவள் சினத்தை நியாயம் என ஏற்ற மக்களே அது தணிய வேண்டும் என்றும் விரும்பியிருக்கின்றனர் அன்றோ?

உயிரை விடாமல் தியாகம் செய்தவள் ஒருத்தி உண்டு. அவள் மாதவி. தான் துறந்ததோடு நில்லாமல், மகள் மணிமேகலை கணிகையர் வாழ்வில் புகக்கூடாது எனத் தன் தாயிடம் உறுதியாகக் கூறினாள். பன்னிரண்டு வயதில் தன்னை யாரும் கேட்கவில்லை. தன் மகளுக்கு அந்நிலை வராமல் தடுத்தாள். சாத்தனார் இயற்றிய மணிமேகலைக் காப்பியத்தில் மாதவி தன் வயிற்றில் பிறந்த மகளைக் கண்ணகியின் மகள் என்றே கூறுகிறாள். அம்மகளே பின்னர் அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்கு உணவளிக்கிறாள். அன்பு இழப்பைக் கடந்து செல்லும் வழி இதுவே என்று நாங்கள் கருதுகிறோம்.

மலையேறிய பெண்கள்

மதுரையை நீங்கிய கண்ணகி வையைக் கரையைப் பற்றி மேற்கு நோக்கி நடந்து, நெடுவேள் குன்றம் ஏறி, வேங்கை மரத்தடியில் நின்றாள். பதினான்காம் நாள் கழிந்தபின் கோவலனோடு வானூர்தியில் சென்றாள் என்கிறது நூல். அதைக் கண்ட குறவர் குரவையாடி, பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த செங்குட்டுவனிடம் சென்று தெரிவித்தனர். அரசி வேண்மாளின் சொற்படி அவளுக்குக் கோயில் எடுக்க முடிவாயிற்று. நம் ஊர்க் கொட்டக்குடி ஆற்று நீரும் வையையில்தான் சேர்கிறது. அவ்வாற்றின் வழியே மேற்கே வந்தால் நம் மலைகளே எதிர்நிற்கும். கரந்தைப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் நூல் கூறும் வழியிலேயே நடந்து சென்று, 1963-ஆம் ஆண்டு கூடலூர் மலைமேல் உள்ள கோயிலே கண்ணகி கோட்டம் என அறிவித்தார். வேறிடம் கூறும் அறிஞரும் உளர்.

கண்ணகி மட்டும் இவ்வழியே வரவில்லை. தோழி தேவந்தியும், கண்ணகியை வளர்த்த செவிலித்தாயும், அத்தாயின் மகளும் புகாரிலிருந்து மதுரைக்கு வந்து, மாதரியின் மகள் ஐயையையும் அழைத்துக்கொண்டு, அதே வையைக் கரை வழியே நடந்து மலையேறிக் கண்ணகி கோயிலை அடைகின்றனர். எல்லாவற்றையும் இழந்த நான்கு பெண்கள்! அவர்கள் முன் கண்ணகி தோன்றிக் கூறியது என்ன? பாண்டியன் குற்றமற்றவன், தான் அவன் மகள் என்கிறாள். கணவனைக் கொன்ற அரசனைத் தந்தையாக ஏற்கும் மன்னிப்பு இது. தன் பிழையை அவன் ஒப்புக்கொண்டான்; அதன்பின் அவளிடம் பகையில்லை. உண்மை பேசப்பட்ட பின்னரே மன்னிப்பு பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் வீடுகளில்

இதனை எழுதுகையில் எங்கள் தோழி ஒருத்தியை நினையாமல் இருக்க இயலவில்லை. பெயர் சொல்லமாட்டோம், எழுத அவளே இசைவு தந்தாள். தந்தை நோயில் படுத்தபோது, "எனக்குப் படிப்பில் விருப்பமில்லை, அம்மாவோடு காய் எடுக்கப் போகிறேன்" என்று சிரித்துக்கொண்டே கூறி அவள் பள்ளியை விட்டு நின்றாள். நாங்களும் அச்சிரிப்பை நம்பினோம். ஏலச்செடியில் காய் வேரடியில், மண்ணை ஒட்டிய சரங்களில் பிடிக்கும். நாள் முழுதும் குனிந்தும் குந்தியும் பழுத்த காயைப் பார்த்துப் பறிக்க வேண்டும். மழையும் அட்டையும் வேறு. ஒரு நாள் மாலை அவள் வீட்டுப் பெட்டியில் அடகுச் சீட்டு ஒன்றைக் கண்டாள். அவள் படிப்புக்காகத் தாய் தன் தோட்டை முன்பே அடகு வைத்து, மகளிடம் மறைத்திருந்தார். மகள் தாய்க்காகத் தன் ஆசையை மறைத்தாள். தாய் மகளுக்காகத் தன் இழப்பை மறைத்தார். ஒரே கூரையின் கீழ் இரண்டு பொய்ச் சிரிப்புகள்!

அன்றிரவு இருவரும் மனம்விட்டுப் பேசினர், அழுதனர். மறுநாள் தாயே அவளைப் பள்ளிக்கு அழைத்து வந்து சிஸ்டரிடம் நிலைமையைக் கூறினார். இப்போது அவள் எங்கள் வகுப்பில்தான் இருக்கிறாள். விடுமுறை நாள்களில் மட்டும் தாயோடு மலைக்குச் செல்கிறாள். துன்பம் தீர்ந்துவிடவில்லை, ஆனால் அது இருவரும் சேர்ந்து சுமக்கும் சுமையாகிவிட்டது. "கண்ணகி முதலிலேயே ஏன் பேசவில்லை?" என்று வகுப்பில் எழுந்து கேட்டவள் அவளே.

முடிவுரை

விட்டுக்கொடு, பொறுத்துப் போ என்று பெண்மக்களாகிய நமக்குச் சிறு வயது முதலே சொல்லப்படுகிறது. விட்டுக்கொடுத்தல் உயர்ந்த பண்பே. ஆனால் துயரை மறைத்துக் கொடுப்பது அன்புடையோரிடையே ஒரு திரையைத் தொங்கவிடுகிறது. அன்பு எதையும் கொடுக்கட்டும்; உண்மையை மட்டும் மறைக்காதிருக்கட்டும். முதற் சிலம்பைக் கொடுக்கும் கையும், இரண்டாம் சிலம்பை ஏந்தும் நாவும் நமக்கு வேண்டும். பெற்றோரும் தம் இழப்புகளை ஓரளவேனும் பிள்ளைகளிடம் சொல்லலாம். நாங்கள் தாங்கிக்கொள்வோம்.

அடுத்த சித்திரை முழுநிலவுக்குத் தமிழம்மாவுடன் மலையேறிக் கோட்டத்தைக் காண எண்ணியுள்ளோம். அதுவரை, நாளை விடியலில் ஜீப்புக்காகத் தெருமுனையில் நிற்கும் தாய்மாரைக் காணும்போது, சாப்பிட்டீர்களா, உடம்பு நலமா என்று ஒரு சொல் கேட்போம். சிரித்துக்கொண்டே நலம் என்றாலும், இன்னும் ஒருமுறை கேட்போம்.